மாடியில ஒண்ணும் எரியல

பஸ் ஜன்னலைச் சாத்தாத தாயி, கொஞ்சம் திறந்தே கிடக்கட்டும். முடி கலைஞ்சா கலைஞ்சுட்டுப் போகுது, கிளிப்பைப் போட்டுக்க. காத்துன்னா எல்லாரும் லேசா நெனச்சுக்கிட்டு இருக்கீக. நான் காத்துக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறுனவ. ஏறி ஜெயிச்சவ. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

எங்க போறேனா? செங்கோட்டை. எம் மக சங்கரேஸ்வரியை அங்கதான் கட்டிக்குடுத்திருக்கு. எங்க வீட்டுக்காரரு போன சித்திரையில இருந்து அங்கதான் இருக்காரு. அவரைக் கூட்டியாறத்தான் போறேன். வர மாட்டேன்னு சொல்லட்டும் பாப்போம். கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துர மாட்டேன்?

சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த மனுசனோட சண்டை போடணும்னா மொதல்ல அவரு வாயைத் திறக்கணும். பேசவே மாட்டாரு. நான் பேசுறதையும் அவரு பேசுறதையும் சேத்து நானே பேசிருவேன். இது வேற. இழுப்பு அவருக்கு. மூச்சு வாங்கும். லோடு லாரியில மூட்டை ஏத்தி எறக்குன மனுசன், ரெண்டு குடம் தண்ணி தூக்குறதுக்குள்ள நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி ஏறி எறங்கும். டாக்டரு, புகை ஆகவே ஆகாது, ஊரை விட்டுத் தள்ளி வைங்கன்னுட்டாரு. சரின்னு மக வீட்டுல கொண்டுபோய் விட்டேன். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவரு இல்லாத வீட்டுல நான் படுத்ததே இல்ல. ரெண்டு பேருக்கு உலை வச்சு வச்சு பாதிச் சோத்தைக் கோழிக்குப் போட்டேன். அம்புட்டுக்கும் காரணம் அந்த ஆலைதான்.

எங்க ஊரு ஊரணிப்பட்டி. நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. விருதுநகர்ல இருந்து உள்ள போகணும், டவுன் பஸ்ஸு வந்தா வரும். ஊருக்கு மேக்க டயர் ஆலை இருக்கு. பழைய டயரை லாரி லாரியாக் கொண்டாந்து கொட்டி, பெரிய கொப்பரையில போட்டு வேகவச்சு எண்ணெய் எடுக்குறாக. எண்ணெய் எங்கேயோ வடக்க போகுது. புகை எங்க தெருவுக்கு வருது. மேகாத்து அடிக்கிற மாசம் வந்துட்டா வெள்ளைத் துணி காயப்போட முடியாது. மூடி வைக்காத குடத்துல கருப்பா ஆடை படியும். அழுகுன முட்டையும் கருகுன ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாடை, தொண்டையில நெருஞ்சி முள்ளு சிக்குன மாதிரி உறுத்தும்.

மனுக் குடுத்தா ஆளு வருவாக. வராமலா? ஜீப்புல வருவாக, மூக்கை உறிஞ்சிப் பாப்பாக, ஒரு வாடையும் இல்லையேம்மான்னு போயிருவாக. அவுக வர்ற அன்னைக்கு ஆலை கல்யாணப் பொண்ணு மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கும். ஜீப்பு மெயின்ரோட்டை எட்டுறதுக்குள்ள இங்கன குபுகுபுன்னு ஏத்திவிடுவாக.

அப்பத்தான் அந்தப் புள்ள வந்தா. ஆபிதான்னு பேரு. காயல்பட்டணத்துக்காரி. காலேசுல காத்தைப் பத்தியே படிக்கிறாளாம். காத்துல படிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டேன். நெறைய இருக்கும்மான்னு சிரிச்சா. தானா அளக்குற மிசினு ஒண்ணு இருக்கு, அதை ஆலைக்கு நேரா ஒரு மாடியில வைக்கணும், பக்கத்துல மரமோ பெரிய சுவரோ மறைக்கக் கூடாதுன்னா. தெருவுல எல்லா வீட்டுக் கதவையும் தட்டிட்டா. பாதி வீட்டு ஆம்பளைக அந்த ஆலையிலதான் வேலை பாக்குறாக, எவன் குடுப்பான்? "எங்க மாடி ஒழுகுது", "எங்க மாடியில வத்தல் காயுது"ன்னு ஆளுக்கு ஒரு சாக்கு. நான் சொன்னேன், "இந்தா புள்ள, எம் மாடியில வை. எவன் கேக்குறான்னு பாப்போம்"னு. மடியில கனமில்ல, எனக்கென்ன வழியில பயம்?

மிசினுன்னா ஏதோ ரேடியோப் பெட்டி மாதிரி இருக்கும்னுதான் நெனச்சேன். பீரோ அளவுக்கு இருக்கு தாயி. அதுக்குத் தனியா தகரக் கூரை, உள்ள ஏசி. எங்க வீட்டுல ஃபேனே ரெண்டு றெக்கையிலதான் சுத்துது, அதுக்கு ஏசி. கூரைக்கு மேல ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும், குழாய் தலையில குல்லா மாதிரி ஒரு மூடி. அது வழியாத்தான் மூச்சை இழுக்கும். இழுத்து, தானாவே எண்ணிப் பாத்து, தானாவே காலேசுக்கு அனுப்பிவிட்டுரும். ஆளே வேண்டாம். முன்னால கண்ணாடியில ரெண்டு எண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். மேல உள்ளது தூசி, கீழ உள்ளது கந்தக வாயு.

"ஏன் புள்ள, ஒரு பாட்டில்ல காத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போய் உங்க காலேசுல பாக்க வேண்டியதுதானே"ன்னு கேட்டேன். "முடியாதும்மா, இந்த வாயு ஒரு எடத்துல சும்மா இருக்காது, ஈரத்தைப் பாத்தா ஒட்டிக்கும், போற வழியிலயே வேற ஒண்ணா மாறிரும், இருக்குற எடத்துலயே வச்சு அந்தந்த நேரத்துக்கு அளந்தாத்தான் உண்டு"ன்னா. எங்க கொழுந்தன் குணம். வீட்டுல ஒரு பேச்சு, வாசல் தாண்டுனா வேற பேச்சு. எனக்கு உடனே புரிஞ்சு போச்சு.

தூசியை அளக்க மிசினுக்குள்ள ஒரு வெள்ளை நாடா சுத்திக்கிட்டே வரும். மணிக்கு ஒருக்க அதுல கருப்பா ஒரு பொட்டு விழும். ஆபிதா திறந்து காட்டுனா. வரிசையாப் பொட்டு, சில பொட்டு சாம்பல், சிலது அட்டைக் கருப்பு. பாத்துட்டு எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. எம் மனுசன் நெஞ்சுக்குள்ள இப்படித்தானே விழுந்துச்சு? இதுக்கு முன்னால நாங்க சொன்னதை யாரு கேட்டா? இப்ப எங்களுக்குச் சாட்சி சொல்ல ஒருத்தர் வந்தாச்சு. வாயில்லாத சாட்சி, விலைக்கு வாங்க முடியாத சாட்சி. அன்னையில இருந்து அதை மிசினுன்னு நான் சொல்றதில்ல. மாடிக்காரருன்னுதான் சொல்லுவேன். காலையில எந்திரிச்சு மாடியில சாணி தெளிச்ச பெறகுதான் கீழ வாசல்.

ஆபிதா நல்ல புள்ளதான். கேள்விதான் ஜாஸ்தி. ஒருநா கேக்குறா, "அம்மா, அய்யாவுக்கு இழுப்பு எப்ப இருந்து?"

"ரொம்ப வருசமா இருக்கு."

"ஆலை வந்து எத்தனை வருசம்?"

"இப்ப நாலஞ்சு வருசமாத்தான்."

"அப்ப ஆலைக்கு முன்னாலயே இழுப்பு வந்துருச்சாம்மா?"

"ஆமா. இந்தச் சனியன் வரப்போகுதுன்னு அவரு ஒடம்புக்கு முன்னக்கூட்டியே தெரிஞ்சிருக்கு"ன்னு சொன்னேன். அவ நோட்டுல என்னமோ குறிச்சுக்கிட்டா. குறிக்கட்டும். சில பேருக்கு ஒடம்பு அப்படி.

இன்னொரு நா போன்ல கேக்குறா, "வெள்ளிக்கிழமை சாயங்காலமானா தூசி லேசா ஒரு மேடு ஏறுதும்மா. அந்த நேரத்துல என்ன நடக்கும்?"னு. "வெள்ளிக்கிழமை ஆலையில ஜாஸ்தி எரிப்பானுக"ன்னேன். வேற என்ன எரியும்? நான் விறகடுப்பு விட்டு எம்புட்டோ காலமாச்சு, கேஸ் அடுப்புதான். குப்பை கொளுத்த மாட்டேன். வெள்ளிக்கிழமை விளக்குப் பொருத்தி சாம்பிராணி போடுவேன், அம்புட்டுத்தான். அதை யாரு விடுவா? நல்லது கெட்டது தெரிஞ்ச வீடுன்னா வெள்ளிக்கிழமை வாசல்லயே மணக்கணும். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அதுல அம்புட்டு ருசி கிடையாது. நான் தூபக்காலை எடுத்தா அவரு துண்டை எடுப்பாரு. விறுவிறுன்னு போய் பெருமாள் கோயில் வாசல்ல உக்காந்துக்குவாரு, விளக்கு அணையிற வரைக்கும் வர மாட்டாரு. வெள்ளிக்கிழமை தவறாம அப்படி ஒரு பக்தி. சைவ வீட்டுல பொறந்த மனுசனுக்குப் பெருமாள் மேல என்ன இம்புட்டுப் பிரியம்னு நான் கேலிகூடப் பண்ணியிருக்கேன்.

சரி, கதைக்கு வாறேன். ஆயுத பூஜை வந்துச்சு. நீயே சொல்லு தாயி, அன்னைக்கு அருவாமனைக்குப் பொட்டு வைக்கிறோம், சைக்கிளுக்கு வைக்கிறோம், மாவரைக்கிற மிசினுக்கு மாலை போடுறோம். ஊருக்கே சாட்சியா நிக்கிற மாடிக்காரரைச் சும்மா விட்டுர முடியுமா? காலையிலேயே தகரத்தையெல்லாம் துடைச்சேன். சந்தனம் குங்குமம் வச்சேன். அது உள்ள தன்பாட்டுக்குக் கருப்புப் பொட்டு வச்சுக்குது, வெளிய நான் செவப்புப் பொட்டு வச்சா என்ன? குழாயில செவ்வந்தி மாலை. பொரிகடலை, சுண்டல், தேங்கா.

அப்ப ஒரு அதிசயம் நடந்துச்சு. மாடி குடுக்க மாட்டேன்னு சொன்ன ஒவ்வொருத்தியும் படியேறி வாறா! ஆலைக்கு அன்னைக்கு லீவு. கேட்டுல வாழை மரம் கட்டிப் பூட்டிட்டாக. ஆம்பளைக எல்லாம் வீட்டுலதான். ஆலையைப் பாத்துப் பயந்த சனம், ஆலை பூட்டிக் கிடக்கவும் தைரியமா மாடிக்கு வந்துருச்சு. வெறுங்கையோட வரல. ஆளுக்கு ஒரு கை சாம்பிராணி. "அக்கா, இதையும் போடுங்க", "மதினி, எங்க வீட்டுப் பேருலயும் போடுங்க"ன்னு. தூபக்கால் பத்தல, இரும்புச் சட்டியில கங்கு போட்டேன். ஸ்டூல் மேல ஏறி, குழாய்க் குல்லாவுக்கு நேரா சட்டியைத் தூக்கிப் பிடிச்சேன். "ஐயா, வருசம் பூரா அந்த நாத்தத்தையே இழுத்துக்கிட்டு இருந்தீரே, இன்னைக்கு ஒருநா நல்லதை இழுத்துக்கோரும்"னு சொன்னேன். தெருவே குலவை போட்டுச்சு. ஒருத்தர் மொகம் ஒருத்தருக்குத் தெரியல, அப்படி ஒரு சாம்பிராணி. என் சீவனே குளுந்து போச்சு.

அந்த நேரம் பாத்து ஆபிதா போன் பண்றா. பதட்டமாப் பேசுறா. "அம்மா, மாடியில ஏதாவது எரியுதா?"

நான் நாலாபக்கமும் பாத்தேன். "மாடியில ஒண்ணும் எரியலையே"ன்னேன்.

"பக்கத்து வீட்டுல? தெருவுல?"

"ஒண்ணும் எரியல புள்ள. நல்ல நாளும் அதுவுமா எரியுது எரியுதுன்னு கேக்காத. பொரி எடுத்து வைக்கிறேன், நாளைக்கு வந்து சாப்பிடு."

நான் பொய் சொன்னேனா? நீ சொல்லு. சாம்பிராணி எரியிறதா? விறகு எரியும், குப்பை எரியும், டயர் எரியும். சாம்பிராணி மணக்கும். எரியுதான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்ல முடியும்.

தை மாசம், தாசில்தாருக்கு மேல உள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எங்க மனுவுக்கு விசாரணை வச்சாக. ஆர்.டி.ஓ. ஒரு அம்மா, சின்ன வயசுதான், பேச்சு கறார். ஆபிதா படம் போட்டுக் காட்டுனா. கோடு கோடா ஏறுது, எறங்குது. ஆலை ஓடுற நேரமெல்லாம் மேல, ஓடாத நேரம் கீழ. நான் முன் பெஞ்சுல நெஞ்சை நிமுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்க வீட்டு மாடியில்ல? ஆலை மேனேஜரு கிரிதரன்னு ஒருத்தரு, இஸ்திரி கலையாத சட்டை. எந்திரிச்சு ரொம்பப் பணிவாக் கேட்டாரு. "மேடம், இந்த மிசின் வச்ச நாள்ல இருந்து தூசி ரொம்பக் கூடுதலாக் காட்டுன நாள் எதுன்னு கேளுங்க."

ஆபிதா மெதுவாச் சொன்னா, "ஆயுத பூஜை."

"அன்னைக்கு எங்க ஆலை பூட்டிக் கிடந்துச்சு மேடம். ஒரு அடுப்பு எரியல. கேட் பூட்டுன போட்டோ இருக்கு, வாட்ச்மேன் சாட்சி இருக்கு. ஆலை பூட்டிக் கிடந்த நாள்லதான் தூசி எல்லாத்தையும் விடக் கூடுதல். அப்ப அந்தத் தெருப் புகைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" ஆலை பூட்டிக் கிடந்துச்சு, பூட்டிக் கிடந்துச்சுன்னு பூசாரி மந்திரம் சொல்ற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாரு.

ஆர்.டி.ஓ. அம்மா ஆபிதாவைப் பாக்குறாக. ஆபிதா என்னையப் பாக்குறா. நான் யாரைப் பாக்குறது? அடுத்த மாசம் வாங்க, அதுக்குள்ள அந்த நாளுக்கு விளக்கம் சொல்லணும், இல்லாட்டி மனுவைத் தள்ளிருவோம்னுட்டாக.

வெளிய வேப்பமரத்தடியில வச்சு ஆபிதா கேட்டா. "அம்மா, அன்னைக்கு மாடியில என்னதான் நடந்துச்சு?"

"பூஜை போட்டோம்."

"எதுக்கு?"

"மாடிக்காரருக்குத்தான். ஊரே சேந்து சாம்பிராணி போட்டோம்."

தலையில கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா அந்தப் புள்ள. "ஒண்ணும் எரியலன்னு சொன்னீங்களேம்மா!"

"சாம்பிராணி போடுறேன்னு உனக்குத் தெரியாதா? உங்க வீட்டுலயும் போடுவாகல்ல?"

"போடுவாங்க. அதுவும் புகைதாம்மா."

அந்தச் சொல்லுதான் தாயி என்னைய அறுத்துச்சு. டயர் புகையும் சாம்பிராணியும் ஒண்ணா? சாம்பிராணி காத்தைச் சுத்தம் பண்ணும்னு பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிள்ளை பெத்த வீட்டுல எதுக்குப் போடுறோம்? தலைக்குத் தண்ணி ஊத்துன பிள்ளைக்கு எதுக்குக் காட்டுறோம்? இம்புட்டுப் படிச்ச புள்ளைக்கு இது தெரியல. அதோட விட்டுச்சா? அந்த மேனேஜரு காருல ஏறப்போகையில என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "பாட்டிம்மா, அடுத்த வருசமும் நல்லாப் போடுங்க"ன்னுட்டுப் போறாரு. பாட்டிம்மாவாம். அவரு தலையில இருக்குறது பூராச் சாயம்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மாடிக்காரரு சாட்சியை எவன் பொய்யாக்குனாலும் எஞ்சாம்பிராணி மேல பழி போடவிட மாட்டேன். அடுத்த விசாரணைக்கு ஆபிதா, மாடி மிசினோட குட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி கொண்டு வந்தா. அதுலயும் அதே ரெண்டு எண்ணு. அதை வச்சு எப்படி அளக்குறோம்னு விளக்கிச் சொல்லப் போறேன்னா. ஒயர் கூடையில தூபக்காலை வச்சு, மேல நாலு வாழைக்காயைப் போட்டு மறைச்சுக் கொண்டுபோயிருந்தேன். ஆபீஸுக்கு எதிர்த்தாப்ல இஸ்திரி வண்டி நிக்கும். "அண்ணே, சாமி காரியம், கொஞ்சம் கங்கு குடுங்க"ன்னேன். பாவம், தகர மூடியில அள்ளிக் குடுத்தாரு.

உள்ள ஆபிதா பேசிக்கிட்டு இருக்கையில எந்திரிச்சுட்டேன். தூபக்காலை எடுத்து மேசை மேல அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சேன். டவாலி ஓடியாறாரு. "தள்ளும், இது சாமி சமாச்சாரம்"னேன். அவரு அங்கனயே நின்னுட்டாரு. ஆர்.டி.ஓ. அம்மா, "என்னம்மா இது?"ன்னாக.

"மேடம், சாம்பிராணி காத்தைச் சுத்தம் பண்ணுதா, அழுக்குப் பண்ணுதான்னு இந்தப் பெட்டிகிட்டயே கேப்போம். எண்ணு எறங்கலைன்னா நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

ஆபிதா வேண்டாம்மா வேண்டாம்மான்னு கண்ணாலயே கெஞ்சுறா. கூச்சப்படுறான்னு நெனச்சேன். அள்ளிப் போட்டேன் ஒரு கை.

நல்ல சாம்பிராணி தாயி, கலப்படம் இல்லாதது. ரூமு பூரா அடைச்சுக்கிச்சு. நான் பெட்டியையே பாக்குறேன். மேல உள்ள எண்ணு நாப்பதுல இருந்தது. எறங்கும், எறங்கும்னு பாக்குறேன். நூறுங்குது. இருநூறுங்குது. அப்புறம் ஐநூறைத் தாண்டி எங்கேயோ ஓடுது. பெட்டி மண்டையில ஒரு தட்டுத் தட்டுனேன். இன்னும் ஏறுச்சு. "பெட்டி கெட்டுப் போச்சு மேடம்"னேன். சனமெல்லாம் இருமுது. ஃபேனைப் போடு, ஜன்னலைத் திறன்னு ஒரே சத்தம். அந்தக் கிரிதரன் மூக்குல கைக்குட்டையை வச்சுக்கிட்டுக் குதிக்கிறாரு. "பாத்தீங்களா மேடம்! ஊரணிப்பட்டிப் புகைன்னா இதுதான்! இந்தம்மா போடுற சாம்பிராணிதான்! நாங்க என்ன பண்ணுவோம்?"

ஊருக்கு முன்னால நானே எங்க கேஸைக் குழி தோண்டிப் புதைச்சுட்டேனா? எம் மனுசன் இனி வீட்டுக்கு வரவே மாட்டாரா? ஆனாலும் உக்காரலையே. நின்ன எடத்துலயே நின்னேன்.

ஆர்.டி.ஓ. அம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டே பெட்டியைக் குனிஞ்சு பாக்குறாக. "மேல உள்ளது இம்புட்டு ஓடுது. கீழ உள்ளது ஏன் அசையவே இல்ல?"ன்னாக. நானும் அப்பத்தான் பாத்தேன். கீழ எண்ணு மூணுன்னு இருந்துச்சு. மூணாவே இருக்கு.

ஆபிதா இருமிக்கிட்டே சொல்றா, "அது கந்தக வாயு மேடம். சாம்பிராணியில அது வராது. டயர்ல கந்தகம் இருக்கு. அதை வேகவச்சா வரும்."

"ஆயுத பூஜை அன்னைக்குக் கீழ எண்ணு எவ்வளவு?"

"அன்னைக்கும் மூணுதான் மேடம். மிசின் வச்ச நாள்ல இருந்து அம்புட்டுக் குறைஞ்சது அன்னைக்கு ஒருநாள்தான். மத்த நாள் எண்பது, தொண்ணூறு. சில நாள் அதுக்கும் மேல."

அந்தம்மா நிமிந்து மேனேஜரைப் பாத்தாக. "அன்னைக்கு ஆலை பூட்டிக் கிடந்துச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? போட்டோ எல்லாம் குடுத்தீங்களே? ஆலை பூட்டுன அன்னைக்கு மட்டும் இந்த வாயு காணாமப் போச்சுன்னா, மத்த நாள் எங்க இருந்து வருது?"

கைக்குட்டைக்குள்ள என்னமோ சொன்னாரு அந்த மனுசன். ஒருத்தர் காதுலயும் விழல. தவளை தன் வாயாலயே கெடும்பாக, சும்மாவா?

உத்தரவு வந்துருச்சு. புகையைக் கழுவுற தொட்டி கட்டி, ஒருநா ஓட்டிக் காட்டி, அது வேலை செய்யுதுன்னு மாடிக்காரரு சொன்ன பெறகுதான் தினப்படி கொப்பரையைப் பத்தவைக்கணும். இப்ப ஆலை சும்மாக் கெடக்கு. வெள்ளை வேட்டி காயப்போட்டா வெள்ளையாவே எடுக்கேன். ஆபிதா படியில வச்சு என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, நீங்க சாம்பிராணி போடலைன்னா நாம ஜெயிச்சிருக்கவே மாட்டோம்"னு அழுகுறா. நான் கையைத் தட்டிவிட்டேன். ஜெயிச்சது சரி. எஞ்சாம்பிராணியைப் புகைன்னு எழுதி வச்சுட்டாகல்ல? அந்தப் பெட்டியில கோளாறு தாயி. நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

இப்பக் கேளு கூத்தை. ஆலை பூட்டியாச்சு, அப்பாவை அனுப்பி வைன்னு மகளுக்குப் போன் போட்டேன். அவ சொல்றா, "அம்மா, இங்க வந்து ஒரு மாசத்துலயே அப்பாவுக்கு இழுப்பு பாதி நின்னு போச்சு. வரட்டும். ஆனா வீட்டுக்குள்ள நீ சாம்பிராணி போடக் கூடாது. டாக்டர்கிட்டக் கேட்டாச்சு." எனக்கு வந்துச்சு பாரு கோவம். செங்கோட்டைச் சாரல் காத்துக்கு நின்னுருக்கும்டி, அதுக்கும் எஞ்சாம்பிராணிக்கும் என்னடி சம்பந்தம்னு கத்துனேன். மக போனை அவருகிட்டக் குடுத்துட்டா.

ஆயுசுல இது வேணும், அது வேண்டாம்னு கேட்டதில்ல அந்த மனுசன். உப்பில்லாத கொழம்பையும் உறிஞ்சிக் குடிச்சுட்டுப் போவாரு. அன்னைக்கு மொத தடவையாக் கேட்டாரு. "செண்பகம், நான் வாறேன். சாம்பிராணி மட்டும் வேண்டாத்தா"ன்னாரு. அம்புட்டுத்தான். போனை வச்சுட்டேன்.

ரெண்டு வெள்ளிக்கிழமை பேசாம இருந்தேன். நான் ஏன் எறங்கிப் போகணும்? ஆலைக்காரன் மொகத்துக்கு நேரா நின்னவ, ஆபீஸ்ல கங்கைத் தூக்கிட்டு நுழைஞ்சவ, கட்டுன புருசன் போடுற கண்டிசனுக்குத் தலையாட்டவா? இன்னைக்குக் காலையில எந்திரிச்சேன், சேலையை மாத்துனேன், பஸ் ஏறிட்டேன். போய் நேரா மொகத்துக்கு நேராச் சொல்லப்போறேன். போட மாட்டேன்யா, போதுமா, வாரும் வீட்டுக்குன்னு. ஆனா ஒண்ணு தாயி, நான் பண்ணுனது தப்புன்னு மட்டும் என் வாயில வராது. மகளும் மருமகனும் ஆபிதாவும் ஆர்.டி.ஓ.வும் சேந்து நின்னு கேட்டாலும் வராது.

ஏன்னா கேளு. கல்யாணமாகி வந்த புதுசுல ராத்திரி பூரா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. சாம்பிராணி போட்டா சளி கரையும், மூச்சு லேசாகும்னு எங்க மாமியார்தான் சொல்லிக் குடுத்தாக. அன்னையில இருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறுனதில்ல. பெருமாள் கோயில்ல இருந்து அவரு திரும்பி வர்றதுக்குள்ள அவரு படுக்குற கட்டிலுக்கு, தலகாணிக்கு, போர்வைக்குன்னு ஒவ்வொண்ணாத் தூக்கித் தூக்கிக் காட்டுவேன். அவரு மூச்சுக்காகத்தான் போட்டேன். சாமிக்குக்கூட அதுக்குப் பெறகுதான்.